சுவர்களின் அருளுரை: சேலம், நாமக்கல் சாலைகளில் நுகர்வுப் பண்பாட்டின் ஓவியம்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கி மல்லூர், ஆண்டகலூர் கேட், புதுச்சத்திரம் வழியாகச் செல்லும் ஆயர் ஒருவர், தாம் ஆற்றவிருக்கும் அருளுரையைச் சிந்தித்தவாறே சென்றாலும், வேறோர் அருளுரையைக் கேளாமல் ஊர் சேர இயலாது. அது சுவர்கள் ஆற்றும் அருளுரை. சிமெண்டு, நீரேற்று மோட்டார், உரம், கோழித் தீவனம், பட்டு, தங்கம், வீட்டுமனை, கல்லூரி என அதன் பொருள் விரிந்துகொண்டே போகிறது. விரைந்து செல்பவரும் வாசிக்குமாறு காட்சியைத் தெளிவாக எழுதும்படி இறைவாக்கினர் ஆபகூக்குக்குக் கட்டளை பிறந்தது (ஆப. 2:2). அக்கட்டளையை இன்று நம் பகுதியில் தவறாது நிறைவேற்றி வருவோர் விளம்பரக்காரரே எனல் மிகையன்று.

இவையெல்லாம் கலையாகுமா என வினவுவோர் உண்டு. அத்தேனே பட்டணத்தில் பவுல் அடிகளார் பேசத் தொடங்குமுன் தெருக்களைச் சுற்றிப் பார்த்தார் (அப். 17:23). மக்கள் எதை வணங்குகின்றனர் என்பதை அவருக்குக் கற்பித்தவை தெருக்களே. நாமும் அவ்வாறே பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

சுவர்

கையால் எழுதப்படும் சுவர் விளம்பரம் இப்பகுதியின் பழைய தெருக்கலை. சாலை வளையுமிடத்தில் பயணியின் கண்ணுக்கு நேரே நிற்கும் சுவரைத் தேர்ந்து, வெள்ளையடித்து, நூல் பிடித்துக் கோடிட்டு, எழுத்தின் ஓரங்களை வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பும் ஓவியரின் கைத்திறன் பாராட்டுக்குரியது. தொலைவிலிருந்து படிக்குமாறு தமிழ் எழுத்தின் வளைவுகளைத் தடிப்பாக்கித் திரட்டிய வடிவங்கள் அவர்தம் கொடை.

ஆயினும் அச்சுவர் யாருடையது என்பதையும் நோக்க வேண்டும். மண்சுவரின்மேல் சிமெண்டின் புகழ் எழுதப்படுகிறது. நீர் வற்றிய கிணற்றருகே மோட்டாரின் பெயர் ஒளிர்கிறது. வாங்க இயலாதவரின் சுவரே, வாங்குங்கள் என்று ஊரை அழைக்கிறது. வீட்டுக்காரருக்குக் கிடைப்பது சிறு தொகை, அல்லது இலவச வெள்ளையடிப்பு. விளம்பரம் மனிதனை அவனது இன்றைய நிலையில் மனநிறைவற்றவனாக்கி, அந்நிறைவைப் பொருளின் விலைக்குத் திருப்பி விற்கிறது என்று ஆங்கிலேயக் கலைத் திறனாய்வாளர் ஜான் பெர்ஜர் 1972-இல் எடுத்துரைத்தார். கட்டளைகளைக் கதவு நிலையிலும் வாயிலிலும் எழுதச் சொன்ன திருமறை (உபா. 6:9), வீட்டின் முகம் எவருக்கு உரியது என்னும் வினாவை முன்னரே எழுப்பியுள்ளது.

லாரி

நாமக்கல், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. அப்பட்டறைகளில் தீட்டப்படும் ஓவியம் வேறு வகையினது. நெற்றிப் பலகையில் குலதெய்வத்தின் பெயரோ, அன்னையின் பெயரோ, சிலுவையோ, பிறையோ. பின்புறத்தில் தாமரை, பசுவும் கன்றும், பிள்ளைகளின் பெயர்கள். கண்ணேறு கழிக்கும் கோர முகமும் உண்டு. ஊரூராகச் சரக்குச் சுமந்து செல்லும் இவ்வண்டி தான் சுமக்கும் சரக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. யார் தந்தார், யாருக்காக உழைக்கிறேன், எதற்கு அஞ்சுகிறேன் என்பவற்றையே சொல்கிறது. இதை ஒருவகை அறிக்கையிடுதல் எனலாம்.

இதனைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. தெய்வத்தின் பெயர் துலங்கும் அதே வண்டியின் ஓரத்தில், தவணைக்கடன் தந்த நிதி நிறுவனத்தின் பெயரும் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இரு எசமானர்களைப் பற்றி ஆண்டவர் உரைத்ததற்கு (மத். 6:24) இதைவிடத் தெளிவான விளக்கப்படம் நமது நூலகங்களில் இல்லை. உழைப்பாளி தன் நெருக்கடியை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறான். விளம்பரச் சுவரிலோ கடன் என்ற சொல்லே இல்லை. எளிய தவணை என்பதுதான் உண்டு.

பதாகை

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பிளெக்ஸ் பதாகை, கையால் எழுதுவோர் பலரின் பிழைப்பைப் பறித்தது. அத்துடன் மனித முகத்தை மலிவாகப் பெருக்கியது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் உண்டு உறைவிடப் பள்ளிகள் தம் மாணவரின் முகங்களை மதிப்பெண்ணுடன் அச்சிட்டுச் சாலையோரம் நிறுத்தின. கோழிப் பண்ணைகள் நிறைந்த இம்மாவட்டத்தில் அவற்றிற்குப் பிராய்லர் பள்ளிகள் என மக்களே பெயரிட்டனர். எந்தத் திறனாய்வாளரும் இதனினும் கூர்மையாகக் கூறியிருக்க முடியாது. சுவர் பொருளை விற்றது. பதாகை குழந்தையையே விளைபொருளாகக் காட்டிற்று. தமிழக அரசு 2017-இல் பொதுத்தேர்வுத் தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பெற்றோர் உள்ளத்துத் தரவரிசை அதனால் அழிந்துவிடவில்லை.

எதிர்ப்பும் விலைபோகும்

மேலைநாடுகளில் நுகர்வுவாதத்தைச் சாடும் தெருக்கலை உண்டு. இங்கிலாந்தின் தெரு ஓவியர் பாங்க்ஸி 2004-இல் வெளியிட்ட அச்சோவியம் ஒன்றில், சிலுவையில் அறையுண்டவரின் கைகளில் கடைப்பைகள் தொங்குகின்றன. கிறிஸ்து பிறப்பு விழா கடைவீதியாகிவிட்டதை அது ஒரே பார்வையில் உணர்த்துகிறது. ஆயினும் 2018-இல் ஏலம் முடிந்த கணத்திலேயே தானாகக் கிழிந்த அவரது இன்னோர் ஓவியம், 2021-இல் 1 கோடியே 85 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. சந்தையை எள்ளி நகையாடும் கலையையும் சந்தை விழுங்க வல்லது. ஆகவே, அத்தகைய ஓவியங்களை நம் ஊர்ச் சுவர்களிலும் தீட்டினால் போதும் என எண்ணுவது பேதைமை.

நமது சுவர்

பிறரைக் குறைகூறுவதோடு நிறுத்தினால் நாம் நேர்மையற்றவராவோம். நமது நற்செய்திப் பெருவிழாப் பதாகைகளைப் பாருங்கள். போதகரின் முகம் சிலுவையினும் பெரிது. நோய் நீங்கும், கடன் தீரும், வேலை கிடைக்கும் என்னும் உறுதிமொழிகள்; கீழே தொலைபேசி எண். நகைக்கடைப் பதாகைக்கும் இதற்கும் எழுத்தமைப்பிலோ வண்ணத்திலோ வாக்குறுதியிலோ வேறுபாடு காண்பது அரிது. செய்தி நற்செய்தியே எனினும், இவ்வடிவம் கேட்பவரை வாடிக்கையாளராக்குகிறது. வாடிக்கையாளராக வந்தவர் சீடராவது எங்ஙனம்? கிடைக்காதபோது வேறு கடைக்குச் செல்லுதலன்றோ அவர் கற்றுக்கொண்ட ஒழுக்கம்?

தன் வீட்டுக்காக அநியாய ஆதாயம் தேடுபவனுக்கு எதிராகச் சுவரின் கல்லே குரல் எழுப்பும் என்கிறார் ஆபகூக் (2:9-11). நம் சமவெளியின் சுவர்கள் அக்குரலை வண்ணத்துக்கடியில் அடக்கிவைத்துள்ளன. அவற்றைக் காறித் துப்புவதும் அழிப்பதும் நம் பணியன்று. அன்றன்றைக்குப் போதுமான மன்னாவை அளந்து பெற்ற மக்களின் வரலாற்றை (யாத். 16), அளவே இல்லாத ஆசையை ஓதும் சுவர்களின் நடுவில் அறிவிப்பதே நம் பணி.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமப் பணிக்குச் செல்லும் முதல் நாளில் உங்கள் சேகரத்தின் சாலையை நடந்து கடந்து, சுவர்களிலும் பதாகைகளிலும் உள்ளவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பு ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் வாழும் குடும்பத்தைச் சந்தித்து, அவர்களுடைய உண்மையான தேவை என்னவென்று கேளுங்கள். உங்கள் முதல் அருளுரையை அதன்பின் எழுதலாம்.