சிலம்புக்கு விலை உண்டு, சமையலுக்கு?

சிலப்பதிகாரத்தைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. பாண்டியன் அவையிலே கண்ணகி நீதி கேட்ட காட்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். சிலம்பினுள் இருந்தது முத்தா மாணிக்கமா என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்குச் சற்று முன்னே இளங்கோ தீட்டிய இன்னொரு காட்சியை நாம் எப்படிப் படித்தோம்?

மதுரையில் ஆயர் குடியிருப்பு. மாதரி அரிசியும் காய்களும் கலங்களும் தருகிறாள். ஐயை தீ மூட்டுகிறாள். கண்ணகி அரிவாள்மணையில் காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. கோவலன் உண்கிறான், வெற்றிலை பெறுகிறான், சிலம்பை விற்கப் புறப்படுகிறான்.

புலவர் வியர்வையை மறைக்கவில்லை. நம் மேடைகள்தாம் அதனைக் 'கற்பு' என்றன, 'மனையறம்' என்றன. உழைப்பு என்று கூற நாணின. காப்பியமும் குற்றமற்றதன்று. கணவன் பிரிந்ததால் விருந்தோம்பும் பேற்றை இழந்தேன் என்று அதே காதையில் கண்ணகி வருந்துகிறாள். செய்யும் கை அவளுடையது. செய்யும் உரிமை மட்டும் அவனோடு போய்விடுமாம்! இது என்ன அறம்?

அன்புக்கு விலை பேசலாமா என்பர் பழமைவாதிகள். மாசி வீதியில் இட்லி விற்றால் அது நாட்டின் வருமானக் கணக்கில் சேரும்; அதே கை வீட்டில் அவித்தால் சேராது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் உழைக்கிறாள். ஆணோ 88 நிமிடம். இவளுக்கு 'இல்லத்தரசி' என்று பட்டம்! கருவூலம் இல்லாத அரசி. ஓய்வுநாள் இல்லாத அரசி.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. கணவன் வெளிநாட்டில் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டென்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர். உதவி என்னாமல் உரிமை என்றது நன்று. ஆனால் தொடங்கியபோது தந்தது மாதம் 1000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய்! பெயரிலே நீதி, தொகையிலே அதன் நிழல்.

இனிச் சிலம்பைப் பேச மேடையேறும் தோழர், மாணிக்கப் பரலைக் காட்டுமுன் அந்தச் சிவந்த விரலைக் காட்டட்டும். கைதட்டல் ஓய்ந்தபின் வீடு சென்று அரிவாள்மணை முன் அமரட்டும். அதுவே மெய்யான திறனாய்வு.