ராதாரிச் சீட்டும் கூலியும்: 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' நூலை முன்வைத்து

கம்பம் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளரைப் பற்றி ஆனந்த் பாண்டியன் எழுதிய 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' (2009) மானிடவியலில் குறிப்பிடத்தக்க ஆய்வு நூல். குற்றப் பரம்பரையினர் என முத்திரை குத்தப்பட்ட மக்கள் வேளாண்மையின் வழியே தம்மைப் பண்படுத்திக்கொண்ட வரலாறே அதன் மையம். அடக்கம், உழைப்பு, இரக்கம் ஆகிய அறக்கருத்துகளைக் காலனிய ஆட்சியின் செயல்பாட்டிலும் தமிழ் மரபிலும் ஒருசேரத் தேடியது நூலின் பெருஞ்சிறப்பு. எனினும், உழைப்பை அறமாகக் காணும் பார்வையில், அது கூலிக்கு விற்கப்படும் பொருளும் ஆகும் என்பது பின்னுக்குச் சென்றுவிடுகிறது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தொழிலாளர் சட்டமாகவும் வாசிக்க இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இங்கிலாந்தில் கொள்ளைநோய்க்குப் பின் ஆட்பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. 1351ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்த முயன்றது. 1388இல் இயற்றப்பட்ட சட்டமோ, தன் வட்டாரத்தை விட்டுச் செல்லும் பணியாள் முத்திரையிட்ட கடிதம் வைத்திருக்க வேண்டும் என்றது. கூலியைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின் காலையும் கட்ட வேண்டும் என்பதை அவ்வரசு விரைவில் உணர்ந்துகொண்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூலியைப் பற்றிப் பேசவில்லை, ஒழுக்கத்தையே பேசியது. ஆயினும் கைரேகைப் பதிவு, இரவுநேர ஆஜர், ஊர் கடக்க ராதாரிச் சீட்டு என அது விதித்தவை 1388இன் கடிதத்திற்கு மிக நெருக்கமானவை.

பள்ளத்தாக்கின் காலவரிசை இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. 1895இல் பெரியாற்று நீர் வந்தது. இருபோக நெல் சாகுபடிக்கு நடவிலும் அறுப்பிலும் ஒரே சமயத்தில் ஆட்கள் மிகுதியாகத் தேவை. 1896இல் மதுரை மாவட்டக் குடியானவர்கள் ஒன்றுகூடிக் கள்ளரின் காவல் உரிமையை எதிர்த்தனர். காவற்கூலி என்னும் வருவாய் நலிந்தவர்களுக்கு எஞ்சியவை நிலமும் கூலி வேலையும். இந்நிலையில்தான் நடமாட்டத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. சீட்டுக்குக் கிராம மணியத்தை நாட வேண்டும். மணியம் பெரும்பாலும் நிலமுடையவர். வேலை கொடுப்பவரும் வெளியூர் வேலைக்குப் போக இசைவளிப்பவரும் ஒருவரே, அல்லது ஓர் உறவுமுறையினரே, என்னும் நிலையில் கூலிபேசும் வலிமை எங்ஙனம் எஞ்சும்? சட்டத்தில் கூலி என்ற சொல் தேவைப்படவே இல்லை.

சட்டமியற்றியோரின் நோக்கம் மலிவான உழைப்பே என்று இதனால் கூறிவிட முடியாது; அவர்கள் முதன்மையாகக் கருதியது காவல்துறைக் கட்டுப்பாட்டையே. கள்ளர் அனைவரும் கூலியாட்களும் அல்லர். நிலமுடையோரும் அவர்களுள் இருந்தனர். எனவே விளைவை நோக்கத்திலிருந்து பிரித்தே ஆராய வேண்டும். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பள்ளத்தாக்கில் நிலவிய நடவுக்கூலி, அறுப்புக்கூலி விகிதங்களையும் மலைத்தோட்டங்களுக்குச் சென்றோரின் போக்கையும் ஒப்பிடுவதே அடுத்த பணி. பாண்டியன் பரிவுடன் பதிவுசெய்துள்ள முதியோர் நினைவுகளையும், சீட்டில் ஒப்பமிட்டவர் எவர், அன்று அவர் வயலில் இறங்கியவர் எவர் என்ற வினாவுடன் மீண்டும் படிக்கலாம்.