வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவி

ஒரே கன்சோலுக்கு என்று ஒப்பந்தம் போட்டதுதான் ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகளின் விற்பனையைக் கெடுத்தது, எல்லாக் கருவிகளிலும் ஒரே நாளில் வெளியிட்டால் பழைய செல்வாக்கு திரும்பிவிடும் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். காட்டும் சான்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 ஜூனில் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 16’, கடைகளுக்கு அனுப்பியதும் பதிவிறக்கமும் சேர்த்து முதல் வாரத்தில் 30 லட்சம். 2016இல் இரண்டு கன்சோல்களில் வந்த 15ஆம் பாகம் முதல் நாளிலேயே 50 லட்சம். 2024 மே மாதம் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனமே இனிப் பல கருவிகள் என்று அறிவித்ததும் வழக்கு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எத்தனை கன்சோல் என்று எண்ணுகிற இவர்கள், எந்தக் கன்சோல் என்று கேட்பதே இல்லை.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’, 1987இல் ‘ஃபைனல் ஃபேன்டசி’, இரண்டும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலில் பிறந்தன. ஜப்பானில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் அது இருந்தது. சேகாவின் ‘ஃபேன்டசி ஸ்டார்’ தரத்தில் அவற்றுக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. அது வந்த கருவியை வாங்கியவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

1997 ஜனவரியில் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ நின்டெண்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போனது. அந்த வெற்றியைத்தான் இந்தத் துறை தவறாகப் படித்தது. முப்பரிமாணக் காட்சியும் குறும்படங்களும் விற்றுக் கொடுத்தன என்று முடிவுகட்டினார்கள். விலையை மறந்துவிட்டார்கள். கேட்ரிட்ஜில் வந்த ஆறாம் பாகத்தின் விலை 11,400 யென்; மூன்று குறுந்தகடுகளில் வந்த ஏழாம் பாகம் 6,800 யென். வட்டின் மலிவு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘போகிமான்’ 1989ஆம் ஆண்டுக் கருவியான கேம் பாயில், கறுப்பு வெள்ளையில் வந்து, அந்தப் பழைய கருவிக்கே மறுவாழ்வு கொடுத்தது. முதல் தலைமுறைப் போகிமான் விளையாட்டுகள் உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்றன. பிளேஸ்டேஷன் 2 கடைக்கு வந்து ஐந்து மாதம் ஆன பிறகு, 2000 ஆகஸ்டில் முந்தைய பிளேஸ்டேஷனில் வந்தது ‘டிராகன் குவெஸ்ட் 7’. படம் பழையது, வேகம் மந்தம். ஜப்பானில் மட்டும் 40 லட்சத்தை நெருங்கியது.

இத்தனை சான்றுகள் கண்முன் இருந்தும் 2006இல் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ‘ஃபைனல் ஃபேன்டசி’யின் தந்தை ஹிரோனோபு சகாகுச்சி, தன் சொந்த நிறுவனமான மிஸ்ட்வாக்கரோடு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360க்குப் போனார். டிசம்பர் 7 அன்று ‘ப்ளூ டிராகன்’ வந்தது. படம் வரைந்தவர் அகிரா தொரியாமா, இசை நொபுவோ உவேமட்சு. இவ்வளவு புகழ்பெற்ற பெயர்கள் இருந்தும் ஜப்பானில் 2 லட்சத்தை ஒட்டியே நின்றது. அதே டிசம்பர் 12 அன்று, ‘டிராகன் குவெஸ்ட் 9’ கையடக்கமான நின்டெண்டோ டிஎஸ்ஸில் வரும் என்று அறிவித்தார்கள். பிளேஸ்டேஷன் 3 வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதன்மைத் தொடரைச் சின்னக் கருவிக்கு இறக்குவதா என்று கோபப்பட்டவர்கள் ஏராளம். தொடரை உருவாக்கிய யூஜி ஹோரி அசையவில்லை. 2009 ஜூலையில் அது வந்தபோது, ஆடுபவர்கள் டிஎஸ்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாலே எதிரில் வருபவரின் கருவியோடு புதையல் வரைபடம் பரிமாறிக்கொள்ள முடிந்தது. அதற்காகவே டோக்கியோவின் அகிஹபாராவில் கூட்டம் கூடியது. ஜப்பானில் மட்டும் 40 லட்சத்தைத் தாண்டியது. அதுவும் ஒரே கருவிக்கு வந்த விளையாட்டுதான் என்பதை இன்றைய வாதக்காரர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கு மிஸ்ட்வாக்கரின் அடுத்த படைப்பு 2007 டிசம்பரில் வந்த ‘லாஸ்ட் ஒடிசி’. ஆயிரம் ஆண்டு வாழ்ந்தும் சாகாத ஒருவனின் நினைவுகளை நாவலாசிரியர் கியோஷி ஷிகெமட்சு சிறுகதைகளாக எழுதினார். பாத்திரங்களை உருவாக்கியவர் தகேஹிகோ இனோவே. விளையாட்டுக்குள் வெறும் எழுத்தாகத் திரையில் ஓடும் அந்தக் கதைகளுக்கு ஈடானது இந்த வகைமையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜப்பானில் அதை ஆடியவர்கள் சொற்பம், ஏனென்றால் எக்ஸ்பாக்ஸ் 360 தன் ஆயுள் முழுக்க அங்கே 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2008இல் ‘டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியா’ வந்தபோது அந்தக் கருவி சில நாட்கள் கடைகளில் தீர்ந்துபோனது உண்மை. ஆனால் மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 3இல் வந்த பதிப்பே அதிகம் விற்றது.

பல கருவிகளில் வெளியிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் பல கருவிகளில் வந்த ‘மெட்டஃபர்’ முதல் நாளிலேயே 10 லட்சம் விற்றது. வீட்டா என்ற அருமையான, யாரும் வாங்காத கையடக்கக் கருவியில் எட்டாண்டு முடங்கிக் கிடந்த ‘பெர்சோனா 4 கோல்டன்’, 2020இல் கணினிக்கு வந்ததும் ஓராண்டு முடிவதற்குள் புதிதாக லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தது. ஆனால் ‘ஜெனோபிளேட்’ தொடரைப் பாருங்கள். அதை உருவாக்கும் அதே மோனோலித் குழு, அதே நின்டெண்டோ, அதே ஒற்றைக் கருவி வெளியீடு. உலகெங்கும் 1.36 கோடியே விற்ற வீ யூவில் 2015இல் வந்த ‘எக்ஸ்’ 10 லட்சத்தை எட்டத் திணறியது. 2017இல் ஸ்விட்சில் வந்த இரண்டாம் பாகம் 20 லட்சத்தைத் தாண்டியது. ஸ்விட்ச் இன்று 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. இங்கே மாறியது கருவி ஒன்றுதான்.

அறுபது, எண்பது மணிநேரம் கேட்கிற விளையாட்டு இது. பள்ளி முடிந்தும் வேலை முடிந்தும் ரயிலிலும் படுக்கையிலும் துண்டுதுண்டாகத்தான் அந்த நேரம் கிடைக்கும். அந்தத் துண்டு நேரத்தில் கைக்கு எட்டுகிற கருவியையே ‘டிராகன் குவெஸ்ட் 9’க்கு ஹோரி தேர்ந்தெடுத்தார். விலையுயர்ந்த புதுக் கருவியின் திறனுக்கு ஏற்ப ஆண்டுக்கணக்கில் காட்சிகளைச் செதுக்கிவிட்டு, பிறகு நான்கு கடைகளில் வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி மருந்துதான்.

மைக்ரோசாஃப்ட் இப்போது தன் விளையாட்டுகளைப் போட்டியாளர்களின் கன்சோல்களிலும் வெளியிடத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘லாஸ்ட் ஒடிசி’யைச் சேர்க்க வேண்டும், அதுவும் முதலில் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியில். ஷிகெமட்சுவின் கதைகளை அவருடைய சொந்த நாட்டு வாசகர்கள் ரயிலில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.