எல்லையை நகர்த்திவிட்டு எண்ணும் கணக்கு

உலகின் மிகப் பெரிய நகரம் எது என்ற பட்டியல் 2025 இறுதியில் தலைகீழானது. ஏறத்தாழ 4.2 கோடிப் பேருடன் ஜகார்த்தா முதலிடத்துக்கு வந்தது. டோக்கியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஐ.நா.வின் 2018 அறிக்கையில் ஜகார்த்தாவின் மக்கள்தொகை சுமார் ஒரு கோடிதான். இடைப்பட்ட ஆண்டுகளில் மூன்று கோடிப் பேர் அங்கே குடியேறிவிடவில்லை. நிர்வாக எல்லையை ஒதுக்கிவிட்டு, மக்கள் நெருக்கமாக வாழும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களை ஒன்றுசேர்த்து நகரம் எனக் கொள்ளும் புதிய வரையறை வந்திருக்கிறது. ஐ.நா. இதை மறைக்கவில்லை. ஆனால் தலைப்புச் செய்திகளில் வரையறை உதிர்ந்துபோய், முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பது மட்டும் மிஞ்சியது. பெருநகரப் பகுதியை அளப்பதே நேர்மையான அளவு என்போர் இந்த மாற்றத்தைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. 2001-2011இல் சென்னை மாவட்டம் 7 சதவீதம்தான் வளர்ந்தது. அதை ஒட்டிய காஞ்சிபுரம் 39, திருவள்ளூர் 35. அன்றைய மாநகராட்சியை மட்டும் பார்த்தவருக்குச் சென்னை தேங்கிவிட்டதாகவே தோன்றியிருக்கும். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் அப்பால் எழுந்த சென்னை அவர் கண்ணில் படாது. புறநகரையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு வளர்ச்சி விகிதத்தைப் பற்றியது. ஒரு நகரம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் எல்லையை விரித்து விடை சொல்லலாம். எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் எல்லை அசையக்கூடாது. நகரத்தின் எண் மூன்று வழிகளில் ஏறுகிறது: பிறப்பு இறப்பை மிஞ்சுவது, வெளியூரிலிருந்து ஆட்கள் வருவது, பக்கத்து ஊர்களை நகரம் எனப் பதிவேட்டில் சேர்ப்பது. மூன்றையும் ஒரே சதவீதத்தில் கரைத்து அதற்கு வளர்ச்சி என்று பெயரிடுவது, தராசில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு விளைச்சல் கூடிவிட்டது என்பதற்குச் சமம்.

கேரளத்தின் மலப்புரத்துக்கு நேர்ந்தது இதுதான். 2020 ஜனவரியில், ஐ.நா. தரவை வைத்து எகனாமிஸ்ட் குழுமம் வெளியிட்ட பட்டியலில், ஐந்தாண்டுகளில் 44 சதவீதம் பெருகி உலகிலேயே வேகமாக வளரும் நகரமாக மலப்புரம் நின்றது. கோழிக்கோடும் கொல்லமும் முதல் பத்துக்குள் இருந்தன. 2001-2011இல் கேரளத்தின் வளர்ச்சியோ 5 சதவீதத்தைத் தொடவில்லை. மலப்புரம் மாவட்டத்தின் வளர்ச்சி 13 சதவீதம்.

பிறகு அந்த 44 எங்கிருந்து வந்தது? 2001இல் மலப்புரம் நகரத் தொகுதியின் (நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பகுதி) மக்கள்தொகை சுமார் 1.7 லட்சம், 2011இல் ஏறத்தாழ 17 லட்சம். ஒரு கிராமத்தில் ஐயாயிரம் பேர் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வாழ்ந்து, ஆண்டில் ஆறு மாதமாவது உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழில் செய்தால் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. வீடும் தோப்பும் கடையுமாக ஊருக்கு ஊர் இடைவெளியே தெரியாத நிலம் கேரளம். அங்கே வயலுக்குப் போன தந்தையின் மகன் டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்கிறான். அப்படிப் பல மகன்கள் சேர்ந்ததும் ஊரின் வகை மாறுகிறது. வீடு அதேதான், கிணறும் அதேதான். புதிதாக ஒருவரும் குடிவரவில்லை. கேரளத்தில் 2001இல் 99ஆக இருந்த இத்தகைய நகரங்கள் 2011இல் 461 ஆயின. அவற்றில் ஒட்டிக் கிடந்தவற்றை மலப்புரத்தோடு சேர்த்ததும் எண் பத்து மடங்கானது. அந்தப் பாய்ச்சலை வளர்ச்சி வேகமாக எடுத்துக்கொண்டு எதிர்காலத்துக்கும் நீட்டியதில் பிறந்தது அந்த முதலிடம்.

அதே பட்டியலில் திருப்பூர் முப்பதாவது. பனியன் கம்பெனிகளை நம்பி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்து வாழும் ஊர் அது. ஆட்கள் உண்மையிலேயே வந்து இறங்கும் நகரத்தைப் பதிவேட்டில் பெயர் மாறிய ஊர்களுக்குக் கீழே வைக்கும் அளவு, எதை அளக்கிறது? திருப்பூர்த் தொகுதியே 5.5 லட்சத்திலிருந்து 9.6 லட்சமானதில் வந்த ஆட்கள் எவ்வளவு, சேர்த்த ஊர்கள் எவ்வளவு என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

இதை நிபுணர்களின் சில்லறைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தின் மீது 44 சதவீதம் என்று எழுதிவிட்டால், பிள்ளைப்பேற்றைக் காட்டி வெறுப்பு வளர்ப்பவருக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. மனை விற்பவருக்கு அது விளம்பரம். குடிநீர்க் குழாயும் பேருந்தும் திட்டமிடுபவருக்கோ, வராத கூட்டத்துக்குத் தயாராகச் சொல்லும் தவறான வழிகாட்டி.

சரியாகக் கணக்கிட முடியாதா? முடியும். மாவட்டங்கள் பிரியும்போது பழைய எண்ணைப் புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்தியே நம் கணக்கெடுப்புத் துறை வளர்ச்சியைச் சொல்கிறது. நகரத் தொகுதிக்கும் அதையே செய்யலாம். ஐ.நா.வின் கட்டமுறையில் இது இன்னும் எளிது. இன்றைய நகரத்தின் கட்டங்களில் நேற்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணினால் போதும்.

2027 கணக்கெடுப்பு நெருங்குகிறது. 2011இல் 174 சதுர கிலோமீட்டருக்குள் 46 லட்சம் பேர் என்று எண்ணப்பட்ட சென்னை, அந்த ஆண்டே 426 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. பெருநகரப் பகுதியும் 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. 2011இன் எண்ணையும் 2027இன் எண்ணையும் அருகருகே வைத்தால் சென்னை பொங்கி வழிந்ததாகத்தான் தெரியும். அந்தத் தலைப்பை எழுதும் முன் பத்திரிகைகள் ஒன்றைக் கேட்க வேண்டும்: இன்றைய எல்லைக்குள் 2011இல் எத்தனை பேர் இருந்தார்கள்? அந்த எண்ணை வெளியிடாத எந்த வளர்ச்சி விகிதத்தையும் அச்சிட மறுப்பதே பொறுப்பு.