குரங்கு மறைத்த பாடம்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதே காரணமெனத் துறை அமைச்சர் கூறினார். அச்செய்தி கடல்கடந்தும் பரவிற்று. மறுவாரம் மருதானையில் என் வகுப்பு மாணவரிடம் காரணம் வினவினேன். "குரங்கு, சேர்" என ஒருங்கே நகைத்தனர். அவர்களை நான் குறைகூறேன். செய்தித்தாள்கள் கற்பித்ததையே அவர்கள் ஒப்புவித்தனர்.

குரங்கு மெய்யென்றே கொள்வோம். ஒரு குரங்கினால் ஒரு தீவு முழுவதும் இருள்வது எவ்வாறு? இதுவே கேட்கப்படவேண்டிய வினா. நீர், அனல் மின்நிலையங்களிற் சுழலும் பாரிய பொறிகள் தம் சடத்துவத்தால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கி, மீடிறன் சட்டென வீழாது காப்பன. கூரைமேலுள்ள சூரியத் தகட்டிற் சுழல்வது யாதுமில்லை. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் மிகுதி. ஆகவே சுழன்ற பொறிகள் சிலவே. சிறு இடறல் பெருவீழ்ச்சியாயிற்று. இவ்விளக்கத்தை மின்சார சபை பின்னரே வெளியிட்டது. பிந்தி வந்த விளக்கம் குரங்கின் வேகத்திற் பரவவில்லை.

அதன் விளைவு ஏப்ரிலிற் புலனாயிற்று. புத்தாண்டு விடுமுறைக் காலத்திற் பகல்வேளையிற் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு சபை வேண்டியது. பூட்டச் சொன்னபின் நிறுத்தச் சொல்வானேன் என அயலவர் பலர் என்னிடம் மயங்கிக் கேட்டனர். ஒருவர் சூரிய மின்சாரமே வீணென்றார். மற்றொருவர் இது சதியென்றார். இரண்டும் அறியாமையின் பிள்ளைகள்.

பௌதிகத்தைப் பத்திரிகையிற் புகட்டல் இயலுமோ எனச் சிலர் வினவலாம். மழை குறுக்கிட்ட கிரிக்கெட் ஆட்டத்தில் டக்வேர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறைப்படி இலக்கு மாறுவதை நம் பத்திரிகைகள் சலியாது எழுதுகின்றன, வாசகரும் விளங்கிக்கொள்கின்றனர். எனவே குறை வாசகரின் மதியில் அன்று. அவர்பால் வைக்கும் மதிப்பிலேயே உளது.

குற்றம் பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதன்று. முழுவிளக்கத்தை உடனே உரையாத அதிகாரிகளுக்கும், வினாவெழுப்பப் பழக்காத எம்போன்ற ஆசிரியர்க்கும் அதிற் பங்குண்டு. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற நாடு இலக்கு வகுத்துள்ளது. அதற்கு மின்கலச் சேமிப்பும் வலுவான மின்வலையமைப்பும் வேண்டும். அச்செலவைச் சுமப்போர் மக்களே. எதற்காகச் சுமக்கின்றோம் என அறியாதார் மனமுவந்து சுமவார். "ஒரு குரங்கினால் ஒரு தீவு இருள்வது எவ்வாறு?" என்பதையே என் வகுப்பிற் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துள்ளேன்.