வென்றவனுக்கு உரியது

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட கதைகளை நாம் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கதைகளாகவே படித்துவிடுகிறோம். எவன் வென்றான், எவ்வாறு வென்றான் என்பன போன்ற வினாக்களோடு நம் ஆர்வம் அடங்கிவிடுகிறது. வென்றவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்பது நம் நினைப்பு. அந்த நினைப்பு எத்துணைப் பிழையானது என்பதை உணர்த்தவல்ல இரு படைப்புகள் அமெரிக்க மண்ணில் தோன்றியுள்ளன. அவற்றைக் கலைப் படைப்புகளாகவும், அவை காட்டும் உலகில் பின்னர் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வால்டர் டெவிஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1959ஆம் ஆண்டில் 'தி ஹஸ்லர்' என்னும் நாவலை வெளியிட்டார். ஆறு குழிகள் கொண்ட மேசையில் ஆடப்படும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆட்டமே அதன் களம். தன் திறமையை மறைத்து ஆடி, எதிராளியை நம்பவைத்துப் பணம் பறிப்பவனையே 'ஹஸ்லர்' என்ற சொல் குறிக்கிறது. ராபர்ட் ரோசன் 1961இல் இந்நாவலைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கினார். நாயகன் எடி ஃபெல்சனாகப் பால் நியூமன் நடித்தார். டெவிஸ் 1984இல், தாம் மறைந்த அதே ஆண்டில், 'தி கலர் ஆஃப் மணி' என்ற பெயரில் அக்கதையைத் தொடர்ந்தார். 1986இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி அப்பெயரிலேயே ஒரு படத்தை இயக்கினார். நாவலின் பெயரையும் நாயகனையும் எடுத்துக்கொண்ட அப்படம், கதையைப் பெரிதும் புதிதாகவே அமைத்துக்கொண்டது. ஆகவே இங்கு நான் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது இவ்விரு திரைப்படங்களையே.

பணம் யார் கையில்?

முதற்படத்தின் கதை எளியது. எடி என்னும் இளைஞன், வெல்ல முடியாதவர் எனப் பெயர் பெற்ற மினசோட்டா ஃபேட்ஸ் என்பவரை வெல்லப் புறப்படுகிறான். இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேலாக நீளும் ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் 18,000 டாலர் அவன் பக்கம் குவிகிறது. அவனோ நிறுத்த மறுக்கிறான், குடிக்கிறான், அனைத்தையும் இழக்கிறான். அதனைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்ட் கார்டன் என்னும் சூதாட்டக்காரன், எடிக்குத் திறமை உண்டு, ஆனால் உள்ளத்திண்மை இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறான். பின்னர் அவனே எடிக்கு முதல்போட முன்வருகிறான். அதற்கு அவன் விதிக்கும் பங்கு என்ன தெரியுமா? வெற்றியில் முக்கால் பங்கு முதல்போட்டவனுக்கு; கால் பங்கு ஆடியவனுக்கு.

இப்படத்தை உள்ளத்திண்மை பற்றிய படமாகவே பலரும் போற்றியுள்ளனர். தோல்வியால் பக்குவப்பட்டு, காதலி சாராவை இழந்த துயரால் கனன்று, எடி இறுதியில் ஃபேட்ஸை வெல்கிறான் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். அப்பொருள் முற்றும் தவறன்று. எனினும் படத்தின் உயிர் அங்கில்லை. ஃபேட்ஸ் தோல்வியை ஒப்புக்கொண்ட பின்னும் படம் முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெர்ட் தன் பங்கைக் கேட்கிறான். எடி மறுக்கிறான். மறுத்ததற்கு விலையாக, பெரிய ஆட்டக்கூடங்கள் எதிலும் இனிக் கால் வைக்கக்கூடாது என்ற தடையைப் பெறுகிறான். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரன் என்று மெய்ப்பித்த அதே இரவில் அவன் தொழிலை இழக்கிறான்.

ஆட்டக்காரனின் கைத்திறன் அவனுக்குச் சொந்தம். ஆடும் இடமும் ஆடுவதற்கான முதலும் பிறருக்குச் சொந்தம். இந்த உண்மையை ரோசன் ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டிவிடுகிறார். எடியின் பழைய கூட்டாளி சார்லி, தோற்றுக்கொண்டிருந்த இரவில் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தான் என்ற செய்தி படத்தின் நடுவில் வெளிப்படுகிறது. நட்பிலும்கூட, பணத்தை வைத்திருப்பவன் ஒருவன், அதற்காக உழைப்பவன் வேறொருவன். இச்சிறு நிகழ்ச்சியை இறுதிக் காட்சியோடு சேர்த்துப் பார்த்தால், படம் தொடக்கம் முதலே ஒரே வினாவைச் சுற்றி வருவது புலனாகும்: பணம் யார் கையில் இருக்கிறது?

இரண்டாம் படத்தில் அந்த எடியே முதல்போடுபவனாக மாறிவிடுகிறான். வின்சென்ட் என்னும் இளைஞனைக் கண்டெடுத்து, தோல்வியின் இழப்பைத் தான் ஏற்பதாகவும், வெற்றியில் நூற்றுக்கு அறுபது தனக்கு எனவும் ஒப்பந்தம் பேசுகிறான். சுரண்டப்பட்டவன் சுரண்டுபவனாகும் இம்மாற்றம் ஆழமானது. அட்லாண்டிக் சிட்டியில் நடைபெறும் போட்டியில் எடி வின்சென்ட்டை வென்று மகிழ்கிறான். பிறகுதான் தெரிகிறது, வின்சென்ட் வேண்டுமென்றே தோற்றான் என்பது. எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டி ஈட்டியதில் 8,000 டாலரை எடியின் பங்காக உறையிலிட்டுக் கொடுக்கிறான். குருவுக்குச் சீடன் செலுத்தும் காணிக்கை அது! கற்பித்த பாடம் கற்பித்தவனையே வந்து சேரும் அக்காட்சி, படத்தின் தலையாய காட்சி எனலாம்.

கலை காணத் தவறியது

இவ்வளவு நுட்பம் வாய்ந்த இரண்டாம் படத்தில் ஒரு குறையும் உண்டு. அப்படத்தில் இருட்டறைப் பந்தயம் அழுக்கு. ஒளிவெள்ளத்தில் நடைபெறும் போட்டி தூய்மை. எடி தன்மானத்தை மீட்பதற்குப் போட்டிக்களத்தையே நாடுகிறான். அப்போட்டியை நடத்துபவர் யார், பரிசுத்தொகை எங்கிருந்து வருகிறது என்று படம் கேட்பதேயில்லை. முதற்படம் விடாது எழுப்பிய வினாவை இரண்டாம் படம் வாயிலிலேயே விட்டுவிட்டது.

தொழில்முறைப் போட்டியின் பரிசுத்தொகை எவ்வாறு திரள்கிறது என்பதை இங்குச் சிறிது விளக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் ஒரு பகுதி. நடத்துபவர் தம் பொறுப்பில் சேர்க்கும் தொகை மறுபகுதி. இப்பகுதி நுழைவுச்சீட்டு விற்பனையாலும், விளம்பர நிறுவனங்களின் ஆதரவாலும், ஒளிபரப்பு உரிமையாலும் பின்னர் ஈடு செய்யப்பட வேண்டும். அந்த வருவாய் குறைந்தால் அறிவித்த பரிசு வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும். இருட்டறைப் பந்தயத்திலோ ஆட்டம் முடிந்த அப்பொழுதே பணம் கைமாறிவிடுகிறது. ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுப் பந்தயம் கட்டும் முறை ஒன்றும் அமெரிக்காவில் உண்டு. நம் பாரத நாட்டு நகரின் பெயரால் அதனைக் 'கல்கத்தா' என்றே அழைக்கின்றனர். அதிலும் ஏலத்தொகை ஆட்டத்திற்கு முன்பே திரட்டப்படுகிறது. சூதைத் தனி அதிகாரம் வகுத்துக் கடிந்த வள்ளுவரின் வழியில் வந்தவர்கள் நாம். பந்தயத்தை நாம் போற்றப் போவதில்லை. ஆயினும் ஒரு முரணைக் குறிக்காமல் இருக்க முடியவில்லை. சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்து ஆடிய ஆட்டத்தில் பணம் கண்ணெதிரே இருந்தது. அச்சிட்ட அறிவிப்போடு நடந்த போட்டியில் அது வெறும் வாக்காக இருந்தது.

கதைக்கு வெளியே ஒரு கதை

இது வெறும் கற்பனை வாதமன்று. பிலிப்பைன்சில் 1954இல் பிறந்த எஃப்ரன் ரெயஸ் என்பாரை உலகம் 'மாயக்காரர்' என்று அழைக்கிறது. 1996இல் ஹாங்காங்கில், ஸ்கோர்செஸி படத்தின் பெயரையே தாங்கி நடந்த நேருக்கு நேர் ஆட்டத்தில், அவர் அமெரிக்கரான எர்ல் ஸ்டிரிக்லண்டை 120க்கு 117 என்ற கணக்கில் வென்று 100,000 டாலர் பெற்றார்.

2005ஆம் ஆண்டில், தொலைக்காட்சி விற்பனை விளம்பரங்களால் பெயர் பெற்ற கெவின் டுருடோ என்பவர் 'ஐ.பி.டி.' என்று சுருக்கமாக அறியப்பட்ட அனைத்துலகச் சுற்றுப்போட்டியைத் தொடங்கினார். அதுவரை இவ்விளையாட்டு கண்டிராத பரிசுகளை அது அறிவித்தது. 2006 ஜூலையில் லாஸ் வேகாசில் நடைபெற்ற போட்டியில் ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன் 350,000 டாலர் பரிசுக்கு உரியவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் ரீனோ நகரில் நடைபெற்ற போட்டியின் மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர். முதற்பரிசு 500,000 டாலர். ரெயஸ் வென்றார். படம் அங்கே முடிந்திருக்கும். வாழ்க்கை முடியவில்லை.

பரிசுத்தொகை உரிய காலத்தில் வரவில்லை. பின்னர், தவணை முறையில் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வென்றவர் மட்டுமல்லர், கடல் கடந்து சொந்தச் செலவில் வந்து நடுவில் தோற்று, சிறு தொகைக்கு உரியவரானவர்களும் காத்திருந்தனர். அச்சுற்றுப்போட்டியின் பெரும் போட்டிகளும் அத்தோடு நின்றுபோயின. டுருடோ 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றது, உடல் இளைப்பது குறித்த நூலின் விளம்பரம் தொடர்பான நீதிமன்ற அவமதிப்பு வழக்கிலேயன்றி, இவ்விளையாட்டு தொடர்பாக அன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது நேர்மையாகாது. ஆயினும் பெரும் பரிசுகள் ஒரு தனிமனிதரின் பணத்தையும் எதிர்பார்ப்பையும் நம்பி நின்றன என்பதே இங்கு நமக்குப் பாடம்.

இப்போது பெர்ட் கார்டனின் தீர்ப்பை மீண்டும் எண்ணிப் பாருங்கள். தோற்பவன் உள்ளத்திண்மை இல்லாதவன் என்றான் அவன். ரெயஸுக்குத் திறமை இல்லையா? திண்மை இல்லையா? இரண்டும் இருந்தன, வெற்றியும் கிட்டியது, காத்திருந்தவரும் அவரே. ஆகவே பெர்ட்டின் தத்துவம், பணத்தை வைத்திருப்பவன் உழைப்பவனுக்குச் சொல்லும் சமாதானமே ஒழிய, வாழ்க்கையின் விதியன்று. ரோசனின் படம் இதனை இறுதி ஐந்து நிமிடங்களில் உணர்ந்திருந்தது. ஸ்கோர்செஸியின் படம் மறந்துவிட்டது.

பரிசிலும் வாக்கும்

பரிசை நம்பி வாழும் கலைஞனின் நிலை தமிழுக்குப் புதியதன்று. புறத்திணையில் 'பரிசில் கடாநிலை' என்றே ஒரு துறை வகுத்தனர் நம் முன்னோர். பரிசில் தரக் காலம் தாழ்த்தும் புரவலனிடம் புலவன் தன் நிலையை எடுத்துரைப்பது அது. தன்னைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரின் மானத்தையும் மாணவர் அறிவர். ஆனால் அப்புலவனிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கொடாதவனின் பெயர் பாட்டில் பழியாக நிலைத்துவிடும். அப்பழிக்கு மன்னர் அஞ்சினர். விளையாட்டு வீரனுக்கு அந்த ஆயுதம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் கையில் எஞ்சுவது கோல் ஒன்றே. அடுத்த போட்டிக்கு அழைப்பு வேண்டுமென்றால் வாய் திறக்கவும் தயங்குவான்.

ஆகவே அவனுக்கு வேண்டியது புரவலனின் நல்லெண்ணம் அன்று, ஒழுங்கான ஏற்பாடு. முதல் பந்து உருளுமுன் பரிசுத்தொகை நம்பகமான மூன்றாமவரிடம் வைப்பாக இருத்தல் வேண்டும். வருவாய் ஒருவர் பையிலிருந்து வராமல், ஒளிபரப்பு உரிமை போன்ற நிலையான ஊற்றுகளிலிருந்து வருதல் வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. முதற்படத்திற்கு ஆட்ட நுணுக்கங்களில் ஆலோசகராக இருந்த வில்லி மாஸ்கோனியின் பெயரால், அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் போட்டி 1994 முதல் நடைபெற்று வருகிறது. தொலைக்காட்சியை அடித்தளமாகக் கொண்டு அதனை நடத்திய மேட்ச்ரூம் என்னும் பிரிட்டிஷ் நிறுவனமே, 1976இல் தோன்றிய அமெரிக்க ஓப்பன் போட்டியையும் 2018இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இவ்விரு படங்களையும் வகுப்பறையில் பேச நேரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். எடி வென்றானா என்று மாணவரைக் கேட்காதீர்கள். அதற்கு விடை எளிது. வென்ற பின் அவனுக்கு என்ன கிடைத்தது, அதனைத் தர வேண்டியவர் யார், தராவிடில் அவன் எங்கே போவான் என்று கேளுங்கள். விடை தேடும் மாணவன் ஒரு படத்தை மட்டுமன்று, உழைப்புக்கும் ஊதியத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளக்கக் கற்றுக்கொள்வான். கலையின் பயன் அதுவன்றோ?