கடல் தாவு படலமும் கணினி வீரரும்

கவிதையிலே மெய்ம்மை வேண்டும் என்பார் ஒரு சாரார். கவிதைக்கு மெய்ம்மை எதற்கு என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்குப் பழையது. இன்று அது புதியதோர் அரங்கிலே மீண்டும் எழுந்துள்ளது. மாணவர் விரும்பி ஆடும் கணினி விளையாட்டுக்களே அவ்வரங்கு. பேராற்றல் படைத்த வீரன் ஒருவனைப் பெருநகரொன்றிலே விருப்பம்போல் உலவவிடும் விளையாட்டுக்கள் பல உள. அவற்றை ஆடுவோர் முதலிற் கூறும் புகழ்மொழி, அசைவுகள் மெய்யானவை, பௌதிக விதிக்கு அமைந்தவை என்பதாகும். மாடிக்கு மாடி தாவுவார் உலகில் இலர். இல்லாதவன் ஒருவனது அசைவு எங்ஙனம் மெய்யாகும்?

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் எளிது. ஒதுக்கின், கம்பனுடைய சுந்தர காண்டத்தின் முதற் படலத்தையும் உடன் ஒதுக்க நேரும். 1980இல் கம்பன் கழகம் தோன்றிய ஊர் யாழ்ப்பாணம். அனுமனை அறியாத பிள்ளை இங்கே இல்லை. ஆயினும் வகுப்பறையிலே கடல் தாவு படலம் பெரும்பாலும் 'உயர்வு நவிற்சி' என்னும் ஒரு குறிப்போடு முடிந்துவிடுகின்றது. புலவன் மிகைப்படக் கூறினான், அவ்வளவே என்பது கருத்து. அக்குறிப்பு அப்படலத்துக்கு இழைத்த அநீதி சிறிதன்று. தாவலின் நிறையைப் பெருவிரலால் உணர்ந்தறிந்த மாணவனிடம் அதனைக் கொடுத்தால், நாம் கற்பிப்பதிலும் நன்றாக அவன் அதனைப் படிக்கக்கூடும்.

இவ்விளையாட்டுக்களை அறியாத ஆசிரியர் பொருட்டுச் சிறிது விளக்குவாம். திரையிலே தோன்றும் நகரம் ஓவியம் போல் காணப்படினும் உள்ளே இருப்பது கணக்கே. செக்கனுக்கு 30 அல்லது 60 முறை கணினி வீரனுடைய நிலையைப் புதிதாகக் கணிக்கின்றது. புவியீர்ப்பு அவனை எவ்வளவு இழுத்தது, சுவர் எவ்வளவு தடுத்தது, அவன் முன்பு கொண்டிருந்த வேகத்தில் எஞ்சியது எவ்வளவு என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கும். ஆடுபவன் கையிலுள்ள பொத்தானை அழுத்த, வீரன் அசைகின்றான். ஆதலால் இங்கே அசைவு கண்ணுக்கு மாத்திரம் உரியதன்று, கைக்கும் உரியது. கணக்குப் பொய்த்தால், காரணம் கூறமாட்டாத சிறுவனும் 'ஏதோ சரியில்லை' என்று உடனே கண்டுகொள்வான்.

கணக்கு என்றதும் ஒரு மயக்கம் எழும். அதனை நீக்கிவிட்டு மேற்செல்வோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். வளியின் தடையைக் கருதாது, 45 பாகைக் கோணத்தில் ஒருவன் ஒரே பாய்ச்சலில் அதனைக் கடக்க வேண்டுமாயின், செக்கனுக்கு ஏறக்குறைய 540 மீற்றர் வேகத்துடன் நிலத்தை விடுதல் வேண்டும். ஒலியின் வேகமோ செக்கனுக்கு 340 மீற்றர் அளவினதே. அவன் ஏழரைக் கிலோமீற்றர் உயரம் சென்று, 78 செக்கனில் அக்கரை சேர்வான். உயர்தர வகுப்பு மாணவன் இதனை ஐந்து நிமிடத்திற் செய்து முடிப்பான். செய்து முடித்தபின் கவிதையைப் பற்றி நாம் அறிந்தது ஒன்றும் இல்லை. நூல் கூறும் தூரமோ 100 யோசனை. வேகம் இன்னும் பெரிதாகும், அவ்வளவே. வேகம் எத்துணைப் பெரிது என்பதை விட்டு, அஃது எங்கிருந்து வந்தது, வந்தபோது சூழவிருந்தவற்றுக்கு யாது நிகழ்ந்தது என வினாவுதல் வேண்டும். இவ்விரு வினாவுக்கும் கம்பன் விடை கூறுகின்றான்.

முதலிலே மலை. அனுமன் மயேந்திரத்தின் மேல் நின்று காலை ஊன்றுகின்றான். மலை நெரிந்து கீழே அழுந்துகின்றது. முழைகளில் உறைந்த பாம்புகள், வயிறு கிழிந்த மலையின் குடர் பிதுங்கினாற்போலப் புறத்தே வந்து புரள்கின்றன. தாவுமுன்னரே நிலம் வருந்திவிட்டது. தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று நியூற்றன் 1687இல் வகுத்ததைக் கம்பன் அறிந்திருந்தான் என்று நாம் கூறவரவில்லை. அத்தகைய பெருமை பேசுதல் நம்மவருக்கு ஒரு நோய். கம்பனுக்கு அது வேண்டியதும் இல்லை. கல்லின் மேல் நின்று குதித்த எவனும் அறிந்த ஒன்றை அவன் மறவாதிருந்தான். அதுவே போதும்.

அடுத்து உடல். எழுகின்ற கணத்தைக் கூறும் செய்யுளிலே வால் உயர்கின்றது, தாள் மடங்குகின்றது, மார்பு ஒடுங்குகின்றது, தோள்கள் பொங்குகின்றன, கழுத்துச் சுருங்குகின்றது, கைகள் நீளுகின்றன, பின்னரே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அவன் மேலெழுகின்றான். எழுச்சிக்கு முன் ஒடுக்கம். வால்மீகியும் இதனை விரித்துரைப்பார். இடையைக் குறுக்கி, செவியை மடித்து, மூச்சை அடக்கிய வானரத்தை அவர் காட்டுவார். டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர் இருவர் 1981இல் வெளியிட்ட நூலில், உயிர்ப்படத்துக்குரிய பன்னிரண்டு நெறிகளுள் ஒன்றாக இம்முன்னொடுக்கத்தை வைத்தனர். ஒடுங்காது எழும் உருவம் நூலிற் கட்டி இழுத்த பொம்மை போலாகும் என்பது அவர் தொழிலிற் கண்ட உண்மை. கம்பனுடைய செய்யுளில் இன்னொன்றும் நோக்கற்பாலது. அதன் நான்கு அடிகளிலும் 'விசை' என்னும் சொல் வருகின்றது. நம் பௌதிக நூல்கள் இன்றும் கையாளும் சொல் அதுவே. உறுப்புத்தோறும் விசையைச் சேர்த்துச் சேர்த்து, இறுதி அடியிலே புலவன் அதனை விடுவிக்கின்றான்.

மூன்றாவதாக, அவன் சென்ற வழி. அவன் எழுந்த வேகத்தால் மரங்களும் குன்றுகளும் யானைகளும் பிறவும் அவன் பின்னே வானிற் படர்கின்றன. நாயகன் பணி இது என்று தாமும் இலங்கைக்குப் பாய்வன போலத் தோன்றுகின்றன. இங்கே நிறுத்தியிருந்தால் உயர்வு நவிற்சி என்று நாம் குறிப்பெழுதிவிடலாம். கம்பன் நிறுத்தவில்லை. அடுத்த செய்யுளிலே அவை யாவும் வீழ்கின்றன. ஏன்? இலங்கையைச் சென்று சேரும் விசை அவற்றுக்கு இல்லை. இரவல் வேகம் இடைவழியில் தீர்ந்துபோயிற்று. மிகையின் உச்சியிலே நின்றுகொண்டு ஒரு புலவன் இவ்வளவு நிதானமாகக் கணக்குப் பார்ப்பது வியப்பன்றோ? அனுமனுடைய ஆற்றலை நாம் நம்புவது அவன் கடந்தான் என்பதனால் அன்று. மற்றவை கடக்கவில்லை என்பதனால்.

இனிக் கணினி வீரரிடம் வருவோம். 1938இல் சித்திரக்கதையில் முதன்முதல் தோன்றிய சூப்பர்மான் பறந்தவன் அல்லன், தாவியவன். ஒரு மைலின் எட்டிலொரு பங்கு, அஃதாவது 200 மீற்றர், தாவுவான் என்று எல்லை வகுத்தே அவனை ஆக்கினர். சில ஆண்டுகளுள் அவன் பறக்கத் தொடங்கினான். நிலத்தோடு அவனுக்கிருந்த உறவு அறுந்தது. தாவுபவனுக்கு நிலம் வேண்டும், பறப்பவனுக்கு வேண்டியதில்லை. நம் படலம் 'கடல் தாவு படலம்' என்றே பெயர் பெற்றிருத்தல் காண்க. 1999இல் வந்த சூப்பர்மான் விளையாட்டிலே வீரன் பனிமூட்டத்தினூடே வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்து பறக்கின்றான். அது நகைப்புக்கிடமாகி ஒழிந்தது. 2006இல் வந்த இன்னொன்றிலே வீரனுக்கு ஊறு இல்லை, ஊறு நகருக்கே என்று அமைத்தனர். அது நுண்ணிய அமைப்பே. எனினும், எதனையும் உதைத்து எழாத உடலுக்கு நிறையை எங்கிருந்து கொடுப்பது?

ஸ்பைடர்மானுடைய வரலாறு வேறு. 2000ஆம் ஆண்டு விளையாட்டிலே அவன் வீசிய நூல் மேலே வெறும் வானத்தைப் பற்றியது. 2004இல் 'ஸ்பைடர்மான் 2' என்னும் திரைப்படத்தை ஒட்டித் திரேயார்க் நிறுவனம் ஆக்கிய விளையாட்டிலே நூல் உண்மையான கட்டிடத்தைப் பற்றத் தொடங்கிற்று. கட்டிடம் இல்லாவிடத்துப் பற்றும் இல்லை. வேறு மாற்றங்கள் பல இருப்பினும் ஆடியோர் நெஞ்சில் நின்றது இஃதொன்றே. நூல் பற்றியதும் வீரன் ஊசலாகின்றான். 20 மீற்றர் நூலைக் கிடையாகப் பிடித்து விழுந்தவன், அடியை அடையும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வேகம் பெறுவான். அக்கணத்தில் அவன் கை தாங்குவது தன் நிறையின் மும்மடங்கு. சித்திரை வருடப்பிறப்பில் மாமரத்து ஊஞ்சலை உந்தி ஆடிய நம் பிள்ளைகளுக்கு இவ்விலக்கம் தெரியாது. ஆனால் அடியிலே கயிறு இறுகுவதும், உச்சியிலே ஒரு கணம் நிறையற்று நிற்பதும் நன்கு தெரியும். எக்கணத்திற் கையை விட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் தெரியும். அவ்வறிவையே அவ்விளையாட்டு வேண்டிநின்றது.

பட்டம் ஏற்றுவோரிடமும் இதனைக் கேட்கலாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிகழும் பட்டப் போட்டியைக் கண்டவர், விண் கூவிக்கொண்டு நிற்கும் பட்டம் ஒன்றின் நூல் அறுந்தால் யாதாகும் என்பதை அறிவர். கட்டு நீங்கியது என்று அது மேலே போவதில்லை, புரண்டு வீழும். அதனை ஏற்றிவைத்திருந்தது முச்சையும் நூலின் இழுவையுமே. 2004இன் ஸ்பைடர்மானுக்கு நூலைக் கட்டிடத்திற் கட்டியவர் அவன் உரிமையைக் குறைத்தார். அதனாலேயே அவன் வானத்தில் நின்றான்.

அங்ஙனமாயின் பௌதிகம் முழுவதையும் புகுத்திவிடலாமே எனின், ஆகாது. 1973இல் வெளிவந்த ஸ்பைடர்மான் சித்திரக்கதை ஒன்றில், பாலத்திலிருந்து வீழும் தன் காதலி குவென் ஸ்ரேசியை அவன் நூல் வீசிப் பிடிக்கின்றான். பிடித்த வேகத்திலே அவள் இறக்கின்றாள். வீழ்ச்சியன்று, திடீரென நின்றதே அவளைக் கொன்றது. ஜேம்ஸ் ககாலியோஸ் என்னும் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில் இதனைக் கணக்கிட்டு, அம்முடிவு விதிக்கு அமைந்ததே என்று காட்டினார். கதையில் அது ஒருமுறை நிகழ்ந்தமையால் அவலமாயிற்று. விளையாட்டிலே ஒவ்வொரு தாவலிலும் நிகழுமாயின் அது வெறும் தொல்லை.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டனைக் கூறி, இரண்டும் தழுவியதே புலனெறி வழக்கம் என்றார். அகப்பொருளுக்குக் கூறிய இதனை இவ்விடத்துக்கும் கொள்ளலாம். கூத்து மரபை அறிந்தவர்க்கு இதில் ஐயம் எழாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலே புத்துயிரூட்டிய கூத்தாயினும், நம் ஊர்க் களரியிலே விடியுமளவும் ஆடும் கூத்தாயினும், வானத்திற் செல்பவனைக் கயிற்றிற் கட்டித் தூக்குவதில்லை. அண்ணாவியாரின் மத்தளம் அவன் காலடிக்கு நிறை கொடுக்கின்றது. காலும் மத்தளமும் ஒருகணம் பிழைத்தால் அவையோர் முகஞ்சுளிப்பர். பறப்பது பொய் என்று ஒருவரும் முகஞ்சுளிப்பதில்லை. தாவும் தூரத்திலே நாடக வழக்கு. தாவும் முறையிலே உலகியல் வழக்கு. 2018இல் இன்சோம்னியாக் நிறுவனம் வெளியிட்ட ஸ்பைடர்மான் விளையாட்டு இக்கலப்பிலே தேர்ந்தது. ஆடுபவன் அறியாவண்ணம் அது அவன் ஊசலைச் சிறிது திருத்திக்கொடுக்கும். 2023இல் வந்த அதன் தொடர்ச்சியிலே இத்திருத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், உயரத்திலிருந்து வீழ்ந்தால் ஊறு நேர வேண்டுமா என்பதைத் தெரிவுசெய்யவும் ஆடுபவனுக்கே உரிமை கொடுத்தனர். உலகியல் எவ்வளவு, நாடகம் எவ்வளவு என்று சுவைஞனே அளந்துகொள்வது புலவர் எவரும் கனவிலும் காணாத உரிமை. அது நன்றோ என்பதில் எமக்கு ஐயம் உண்டு.

அனுமனையே வீரனாக்கிய விளையாட்டு ஒன்றும் உண்டு. ஐதராபாத் நகரில் உருவாகி, 2009இல் சோனி நிறுவனத்தால் வெளியிடப்பட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' என்பது அது. முழுமையாக இந்தியாவில் ஆக்கப்பட்ட முதலாவது பிளேஸ்ரேசன் 2 விளையாட்டு என்ற பெயர் அதற்குண்டு. அது வந்தபோது, வழிபடு தெய்வத்தைப் பொத்தானால் ஆட்டுவித்தல் தகாது என்று அமெரிக்காவில் வாழும் இந்து சமயத் தலைவர் ஒருவர் கண்டித்தார். அக்கண்டனத்தை எம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை. கூத்திலே அனுமன் வேடம் பூண்டு ஆடுபவனும் மனிதனே. எமது குறை வேறு. அனுமன் மேடைக்கு மேடை தாவிச் செல்லும் வகையைச் சார்ந்தது அவ்விளையாட்டு. அவ்வகையிலே நிலம் என்பது நிற்பதற்குரிய ஒரு கோடு. தாவியவன் யார் என்பது அதற்குத் தெரியாது. மயேந்திரத்தை அழுத்தியவனுக்கு அக்கோடு போதாது.

கம்பனுக்கு அண்மையில் வந்தது, அவனைக் கேள்வியுற்றும் இராதார் ஆக்கிய ஒன்று. 2005இல் கனடாவின் ராடிக்கல் நிறுவனம் ஆக்கிய ஹல்க் விளையாட்டிலே, பொத்தானை அழுத்திப் பிடிக்குந்தோறும் ஹல்க் குனிந்து விசை சேர்க்கின்றான், விட்டதும் எழுகின்றான். முன்னொடுக்கம் ஆடுபவனுடைய விரலுக்கே வந்துவிட்டது. வீதி பிளக்கின்றது, அவன் ஏறி ஓடிய சுவரிலே வடு விழுகின்றது. நிலம் விடை கூறுகின்றது. ஆனால் அக்காலக் கணினியின் நினைவு சிறிது. ஆகவே சிதறிய கல்லும் இரும்பும் சிறிது நேரத்திலே திரையினின்று மறைந்துவிடும். கம்பன் எதனையும் மறையவிடவில்லை. அனுமன் பின்னே எழுந்து விசை தீர்ந்து வீழ்ந்த மரமும் மண்ணும் கொடியும் கடலிலே நிறைந்து கிடக்கின்றன. இராமன் சினந்து அணை கோலுவதற்கு முன்னமே அங்கு ஒரு சேது உண்டாகிவிட்டது என்கின்றான்.